தலைசுற்றலுக்குக் கண்ணும் காரணமாகலாம்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவம் படித்தவன் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் இந்த விஷயத்தைப் பேச அனுமதி கேட்டேன். தலைவலி, கிறுகிறுப்பு என்று பிரஷர் பார்த்து, காது பார்த்து, ஸ்கேனும் எடுத்து, "எல்லாம் நார்மல்" என்ற ரிப்போர்ட்டோடு வீட்டில் இருப்பவர்கள் நம் குலசேகரத்தில் உண்டு. அவர்களில் ஒருவருக்காவது இது பயன்பட வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் இருக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் பன்னிரண்டு. இவை ஒற்றுமையாக வேலை செய்தால்தான் இரண்டு கண்ணும் ஒரே இடத்தைப் பார்க்கும், மூளை இரண்டு படத்தையும் ஒன்றாகச் சேர்க்கும். வங்கியில் சாயங்காலம் கையில் இருக்கும் பணமும் புத்தகக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். ஒரு ரூபாய் இடித்தாலும் உட்கார்ந்து தேட வேண்டும். மூளை அந்தத் தேடலை நாள் முழுவதும் செய்கிறது.

மாறுகண் என்றால் வெளியே தெரியும். நான் சொல்வது வெளியே தெரியாத சிறு விலகல். ஹெட்டிரோஃபோரியா என்பார்கள். ஓரளவு விலகல் பெரும்பாலோருக்கு உண்டு, அதனால் தொந்தரவு இல்லை. அதைச் சரிக்கட்டத் தசைகள் அதிகம் பாடுபட வேண்டி வரும்போதுதான் நெற்றியில் வலி, கண் களைப்பு, எழுத்து அசைவது, வரி தவறுவது எல்லாம் வரும். சிறு வயதிலேயே நன்றாகத் தெரியும் மாறுகண் உள்ளவருக்குப் பல நேரம் இந்தத் தொல்லை இருப்பதில்லை. மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடுகிறது. விலகல் சிறியதாக இருப்பவருக்கே போராட்டம்.

தலைசுற்றல் ஏன்? உடம்பு நிலையாக நிற்பதற்கு உள்காது, கண், கால்-கழுத்துத் தசைகள் ஆகிய மூன்றும் மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. கண் தரும் தகவல் மற்ற இரண்டோடு ஒத்துவராவிட்டால் கிறுகிறுப்பு வரும். அதனால்தான் சிலருக்குச் சந்தைக் கூட்டத்திலும், பேச்சிப்பாறை போகும் பஸ்ஸில் வளைவுகளிலும் தொல்லை அதிகமாகிறது.

என் வீட்டு அனுபவம் ஒன்று. என் மனைவிக்கு ஒன்றரை வருஷம் இப்படி இருந்தது. மூளையில் கட்டியோ என்று பயந்து, தனியாகப் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டாள். கடைசியில் ஒரு கண் பரிசோதகர் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று சோதித்தார். மேல்-கீழாகச் சிறு விலகல் இருந்தது. கண்ணாடியில் கொஞ்சம் பிரிசம் சேர்த்துக் கொடுத்தார். சில வாரங்களில் தலைவலி வெகுவாகக் குறைந்தது. இப்போது தனியாகவே மார்த்தாண்டம் போய் வருகிறாள்.

பிரிசம் என்பது ஒளியை வளைக்கும் கண்ணாடி. ஒரு மீட்டர் தூரத்தில் படத்தை ஒரு சென்டிமீட்டர் நகர்த்தினால் அது ஒரு பிரிசம் டயாப்டர். சாதாரணக் கண்ணாடியிலும் இது தெரியாமல் வந்துவிடலாம். பவர் 5 உள்ள லென்ஸின் மையம் கருவிழிக்கு நேராக இல்லாமல் 4 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் 2 பிரிசம் டயாப்டர் ஆகிவிடும். மேல்-கீழாகத் தள்ளியிருந்தால் தாங்குவது இன்னும் கஷ்டம். புதுக் கண்ணாடி போட்டபின் தலை சுற்றினால், "பழகிவிடும்" என்று மாதக்கணக்கில் இருக்காமல் மையத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் விஷயம் முக்கியம். சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் 920 பேரைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மாறுகண் இல்லாத பிள்ளைகளிடமே இரு கண் ஒத்துழைப்புக் குறை நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம் இருந்தது. கிட்டப் படிக்கும்போது கண்கள் போதிய அளவு உள்நோக்கித் திரும்பாத குறையே அதிகம். பள்ளியில் ஒவ்வொரு கண்ணாக மூடி எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வதில் இது பிடிபடாது. அப்படிப்பட்ட பிள்ளையை நாம் "படிக்க மடி" என்று திட்டிக்கொண்டிருப்போம்.

இதற்குப் பயிற்சி உண்டு. அமெரிக்காவில் 221 பிள்ளைகளிடம் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், மருத்துவமனைக்கு வந்து 12 வாரம் பயிற்சி எடுத்தவர்களில் சுமார் 73 சதவீதம் பேர் குணமடைந்தார்கள் அல்லது முன்னேறினார்கள். வீட்டில் பென்சிலைப் பார்த்து மட்டும் பயிற்சி செய்தவர்களில் 43 சதவீதமே.

வீட்டில் ஒன்று பார்க்கலாம். படிக்கும்போது தொல்லை வந்தால் ஒரு கண்ணைக் கையால் மறைத்துப் பாருங்கள். உடனே சுகமாக இருந்தால் அது ஒரு துப்பு. நோய் இதுதான் என்ற முடிவு அல்ல.

ஒரு எச்சரிக்கை. எல்லாத் தலைசுற்றலுக்கும் கண்ணே காரணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காது, பிரஷர், சுகர், இரத்தசோகை ஆகியவற்றை முதலில் பார்க்கத்தான் வேண்டும். திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் தளர்ந்தாலோ, கண்ணாடிக் கடைக்குப் போகாமல் உடனே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செயலாளர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து நம் சங்கம் கண் முகாம் நடத்தும்போது, புரை, பவர் பார்ப்பதோடு இரு கண் ஒத்துழைப்புச் சோதனையும் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்போம். ஒரு கண்ணை மறைத்தும் திறந்தும் பார்க்கும் சோதனைதான். ஆளுக்குச் சில நிமிடமே ஆகும்.