பையின் அடியில் தங்கிய வண்டல்

ஹீமோபிலியா உள்ள பையனுக்கு முழங்காலில் சின்ன அடி பட்டால் போதும், உள்ளேயே ரத்தம் கசிந்து மூட்டு வீங்கிவிடும். பெரும்பாலும் குறைவது, ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி. 1960-களின் தொடக்கத்தில் இதற்குப் பிளாஸ்மாவைத்தான் பை பையாக ஏற்றினார்கள். துளி காரணிக்காக அத்தனை திரவம்! இதயம் தாங்க வேண்டாமா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் பூல் என்ற அம்மையார் ஒன்றைக் கவனித்தார். உறைந்த பிளாஸ்மாவை அவசரப்படாமல் குளிரிலேயே இளகவிட்டால், ஆறிய கஞ்சியின் அடியில் படிவதுபோல வெள்ளையாக ஏதோ படிகிறது. தேடிய காரணி அதில்தான் செறிந்திருந்தது. 1964-இல் வெளியிட்டார். பெயர் கிரையோபிரெசிபிடேட், ரத்த வங்கியில் 'கிரையோ' என்றால் போதும்.

4 டிகிரியில் இளக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, மேலே நிற்கும் பிளாஸ்மாவைப் பக்கத்துப் பைக்குத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய 15 மில்லி. உடனே உறைய வைத்தால் ஒரு வருடம் இருக்கும். 37 டிகிரி நீரில் இளக்கிய பிறகு மட்டும் ஃபிரிட்ஜ் பக்கமே போகக் கூடாது, மறுபடி திரிந்துவிடும். சில மணி நேரத்துக்குள் ஏற்றிவிட வேண்டும்.

இன்று ஹீமோபிலியாவுக்கு, வைரஸ் நீக்கிய காரணி மருந்துகளே முதல் தேர்வு. கிரையோவுக்குப் பொதுவாக அந்தச் சுத்திகரிப்பு இல்லை. அதற்காக அது ஓய்வுபெற்றுவிடவில்லை. அதில் ரத்தம் உறைய உதவும் இன்னொரு புரதமான ஃபைப்ரினோஜனும் இருக்கிறதே! பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் ஃபைப்ரினோஜன் வற்றிப்போகும் தாய்க்கு, பத்துப் பை வரை சேர்த்து ஏற்றுகிறார்கள்.