ஒரு முகமும் இரு வேடங்களும்



தில்லியின் தென்பகுதியில், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திற்கு அண்மையில் முனிர்கா இருக்கின்றது. வடகிழக்கு மாநிலங்களினின்று கல்வியும் பணியும் நாடி வந்தோர் பலர் அதன் குறுகிய சந்துகளில் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். 2007-ஆம் ஆண்டில் தில்லிக் காவல்துறை இத்தகையோர்க்கென ஓர் அறிவுரைக் கையேடு வெளியிட்டது. மூங்கிற் குருத்து, அக்குனி என்னும் புளிக்கவைத்த சோயா முதலிய மணமிக்க உணவுகளை அக்கம்பக்கத்தில் பூசல் எழாவண்ணம் சமைத்தல் வேண்டும் என்றது அது. பாதுகாப்புக் கருதி எழுதப்பட்டதாயினும், மாற வேண்டியவர் வந்தவரே என்னும் கருத்து அதனுள் பொதிந்திருந்தது.

இக்கருத்தை வேரோடு ஆராய்ந்த வீடியோப் படைப்பு ஒன்று 1980-ல் நியூயார்க்கில் தோன்றியது. ஆக்கியவர் ஹாவர்டினா பிண்டெல் என்னும் கறுப்பின ஓவியர். அந்நகரத்து நவீனக் கலைக் காட்சியகத்தில் 1967 முதல் 1979 வரை பணியாற்றியவர். 'ஃப்ரீ, வைட் அண்ட் 21' என்னும் அப்படைப்பு ஏறத்தாழ 12 நிமிடமே ஓடுவது. அதில் கதையில்லை, காட்சி ஜோடனை இல்லை. பிண்டெல் காமிராவை நேர்நோக்கி, தாமும் தம் அன்னையும் நிறத்தால் அடைந்த அவமதிப்புகளைப் பதற்றமின்றிச் சொல்கின்றார். இடையிடையே அவரே பொன்னிறப் பொய்ம்முடியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, வெள்ளை மாதாகத் தோன்றி, அவையெல்லாம் வீண் கற்பனை என மறுக்கின்றார். ஓரிடத்தில் வெண்துணியைத் தலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டி முகத்தையே மறைத்துவிடுகின்றார். காயத்திற்குக் கட்டும் துணி, காயம்பட்டவரையே இல்லாமற் செய்துவிடுகின்றது!

மறுப்பு எளிய குற்றமன்று. 2014 ஜனவரியில் தில்லி லாஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்து மாணவர் நீடோ தானியா, தலைமுடியின் தோற்றத்திற்காக இகழப்பட்டார். பின்னர்த் தாக்குண்டு உயிர் துறந்தார். அதன்பின் மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது. கேலிதானே என்று நாம் தள்ளிவிடும் சொல், எங்கே சென்று முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

ஒன்றுசேர்தல் என்பது யாது? நம் இலக்கணமே விடை தருகின்றது. பொன்னும் குடமும் சேர்ந்தால் பொற்குடம். அங்கே ஓர் எழுத்துத் திரிகின்றது. பொன்னும் மலையும் சேர்ந்தால் பொன்மலை. அங்கே எதுவும் திரியவில்லை, எதுவும் கெடவில்லை. ஆயினும் இரண்டும் ஒரு சொல்லாய் நிற்கின்றன. இதனை இயல்பு புணர்ச்சி என்பர். மக்கள் சேர்க்கையும் இவ்வண்ணம் அமைதல் கூடும். அடுத்த வீட்டு அடுப்பினின்று அறியாத மணம் வருங்கால், சன்னலைச் சாத்துமுன், அஃது என்ன உணவு என்று அன்போடு வினவுவோமாக.