கலம் செப்பனிடுவோர்



மயிலைக் குளக்கரையில் மாலைதோறும் உலாவுவது ஓய்வு பெற்றபின் என் வழக்கம். சென்ற திங்களில் அங்கே ஓர் இளைஞர் என்னைக் கண்டு வணங்கினார். என்னிடம் கணக்குப் பயின்றவர். முன்கையில் தீப்பொறி பட்ட தழும்புகள் இருந்தன.

"என்ன வேலை, தம்பி?" என்றேன்.

"காட்டுப்பள்ளியில் கப்பல் பழுது பார்க்கிறோம், ஐயா. தகடும் சட்டமும் என் பொறுப்பு" என்றார்.

எனக்கு நாணமாயிற்று. தரமணிப் பாலிடெக்னிக்கில் சேரப் போவதாக அவர் சொன்ன நாளில், "இத்தனை மதிப்பெண் வாங்கிய நீ பட்டறைக்கா போகிறாய்?" என்று கேட்டவன் நானே. அவர் அதை மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

எண்ணூருக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளியில், லார்சன் அண்டு டூப்ரோ கப்பல் தளத்துக்கு 2022 ஆகஸ்டு 7ஆம் நாள் 'சார்லஸ் ட்ரூ' என்னும் அமெரிக்கக் கடற்படைக் கலம் வந்தது. போர்க்கப்பல்களுக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டுசெல்லும் கலம் அது; நீளம் ஏறத்தாழ 210 மீட்டர். அமெரிக்கக் கடற்படைக் கலம் ஒன்று இந்தியாவில் செப்பனிடப்பட்டது அதுவே முதன்முறை. 2023இல் இதற்கென ஒப்பந்தமும் ஏற்பட்டது. சார்லஸ் ட்ரூ என்பவர் இரத்த வங்கி முறையை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவரான கறுப்பின மருத்துவர். அவர் பெயர் தாங்கிய கலத்துக்கு நம் கரையில் வைத்தியம் நடந்தது எனக்குப் பொருத்தமாகவே தோன்றியது.

கப்பலுக்கு ஏராதான் முதுகெலும்பு, குறுக்குச் சட்டங்கள் விலா எலும்புகள், தகடு தோல். உப்புநீர் அத்தோலை அரிக்கிறது. ஆனால் வெளியே பூசிய வண்ணம் அதனை மறைத்துவிடும். ஆதலின் ஒலியலையைத் தகட்டினுள் செலுத்தி, அது மறுபுறம் மோதித் திரும்பும் நேரத்தைக் கொண்டு கனத்தை அளக்கின்றனர். எஃகில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் செல்லும். 12 மில்லிமீட்டர் தகட்டில் அது போய்த் திரும்ப எத்தனை நேரம்? கணக்கிட்டுப் பாருங்கள்; ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் அதில் நான்கு பங்கு! குறைந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்து, வெட்டியெடுத்து, புதுத் தகடு பொருத்திப் பற்றவைக்கின்றனர்.

வெட்டும் மூலைகள் வளைவாயிருத்தல் வேண்டும். கூரிய மூலையில் விசை குவியும்; அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும். இரண்டாம் உலகப் போர்க்காலத்து லிபர்ட்டிக் கப்பல்கள் பலவற்றில் சரக்கறை வாயின் சதுர மூலைகளில்தான் வெடிப்புகள் பிறந்தன. 1943 ஜனவரியில் 'ஷெனெக்டடி' என்னும் புதிய எண்ணெய்க் கப்பலோ, அலையற்ற நீரில், துறையோரத்தில் நின்றபடியே ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. முன்னாளில் தகடுகளை ஆணியறைந்து இணைத்தபோது வெடிப்பு ஒரு தகட்டின் விளிம்பில் நின்றுவிடுவதுண்டு. பற்றவைத்த உடலில் அது தடையின்றி ஓடும்.

"இதைவிடக் கொடியது மூடிய தொட்டி, ஐயா" என்றார் அவர். துருப்பிடித்தலே தொட்டியினுள் இருக்கும் பிராணவாயுவை உண்டுவிடும். வாசனையும் இராது, அறிகுறியும் இராது. அதனால் காற்றைச் செலுத்திச் சோதித்த பின்னரே உள்ளே இறங்க வேண்டும். முன்பு பணியாற்றிய ஓரிடத்தில், சோதனைக் கருவி வருமுன் இறங்குமாறு மேலாள் அவசரப்படுத்தினாராம். இவர் மறுத்தார், அன்றைய கூலி போயிற்று. பின்னர்க் கருவி வந்து அளந்தபோது, உள்ளிருந்த காற்று மூச்சுக்கு உதவாதது என்று தெரிந்தது.

"மேலாள் என்ன சொன்னார்?" என்றேன்.

"ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. கூலியும் தரவில்லை" என்று சிரித்தார். விடியுமுன் வேலைக்குப் புறப்பட வேண்டும் என்று விடைபெற்றுக்கொண்டார்.