வரைபடத்தில் கோடு விழுந்த பிறகு விழித்து என்ன பயன்?

(மஹல்லா ஜமாஅத் நிர்வாகிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது மஹல்லாவில் ஒரு பிரச்சினை என்றால் நாம் எப்போது திரளுகிறோம்? புல்டோசர் வந்து நின்ற பிறகு! கபரஸ்தான் சுவரை ஒட்டி அளவுக்கல் நட்ட பிறகு! அப்போதுதான் கூடுகிறோம், கோஷமிடுகிறோம், கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். ஆனால் அந்த முடிவு அன்றைக்கா எடுக்கப்பட்டது? பல ஆண்டுகளுக்கு முன்பே அது ஒரு வரைபடத்தில் கோடாக விழுந்துவிட்டது. நாம்தான் பார்க்கவில்லை.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டின் சட்டம். ஒரு நகருக்கு முழுமைத் திட்டம் தயாரிக்கும்போது எது குடியிருப்பு, எது வணிகம், எது தொழிற்சாலை, எது விவசாயம், எங்கே சாலை அகலமாகும் என்று வரைபடம் போடுகிறார்கள். அதன்மீது பொதுமக்கள் ஆட்சேபணை தெரிவிக்கக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்கிறது அச்சட்டம். நாளிதழின் ஒரு மூலையில் அறிவிப்பு வரும். நாமோ அரசியல் செய்தியைப் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைக்கிறோம்! அந்த இரண்டு மாதத்தில் எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதத்தின் பலம், பிறகு நடத்தும் பத்து ஆர்ப்பாட்டங்களுக்கு இல்லை. சென்னைப் பெருநகரின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2008இல் வந்தது. 2026ஆம் ஆண்டைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டது. ஒரு கோட்டின் ஆயுள் எவ்வளவு என்று பாருங்கள்!

அடுத்தது மனை விவகாரம். 'முஸ்லிமுக்கு வாடகைக்கு வீடு இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லக் கேட்டவர்கள் நம்மில் உண்டு. அதனால் பள்ளிவாசலைச் சுற்றி நெருக்கியடித்து வாழ்கிறோம். ஊருக்கு வெளியே மலிவாக மனை கிடைத்தால் விசாரிக்காமல் வாங்குகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு சகோதரர் சவூதியில் பதினோரு வருடம் உழைத்து, மாதத் தவணையில் மகளுக்காக ஒரு மனை வாங்கினார். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்றார்கள்; நம்பினார். மகளின் நிக்காஹ் செலவுக்கு அதை விற்கப் போனபோது பதிவு செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்திருந்தது. 2017 மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20 வரை விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் செலுத்தினால் வழி பிறந்தது. அந்தக் கட்டணம் யார் தலையில்? விற்றுவிட்டுப் போனவர் தலையிலா? இல்லை, வாங்கிய ஏழையின் தலையில்!

ஊராட்சி மன்றத்தின் முத்திரை மட்டும் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் ஆகாது. நகர் ஊரமைப்பு இயக்ககம் அல்லது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும். இதை ஜும்ஆ மேடையில் சொல்வதில் என்ன கூச்சம்?

கசப்பான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இப்படி விற்றவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 சதவீத இடத்தைப் பொதுப் பயனுக்கென உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். அந்தப் பூங்கா இடத்தையும் மனையாக்கி விற்பது எந்த வகை வியாபாரம்? மதீனாவில் பள்ளிவாசல் கட்ட நபி (ஸல்) அவர்கள் விரும்பிய நிலம் இரண்டு அநாதைச் சிறுவர்களுடையது. அவர்கள் இலவசமாகத் தர முன்வந்தும், விலை கொடுக்காமல் பெற அண்ணலார் சம்மதிக்கவில்லை. அல்லாஹ்வின் இல்லத்துக்கே அந்த நியதி என்றால், நமது வியாபாரத்துக்கு எது நியதி?

என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு ஜமாஅத்திலும் மூன்று பேர் கொண்ட குழு அமையுங்கள். ஒருவர் படித்த இளைஞராகவும், ஒருவர் ஊரின் எல்லைகளை அறிந்த பெரியவராகவும் இருக்கட்டும். பள்ளிவாசல், மதரஸா, கபரஸ்தான், வக்ஃப் நிலம் ஆகியவற்றின் சர்வே எண்ணை எழுதி, அது வரைபடத்தில் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கேட்டுத் தராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

கிராம சபைக்கும், நகரங்களில் 2022 முதல் நடைபெறும் பகுதி சபைக்கும் செல்லுங்கள். பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். குடிநீரும் சாக்கடையும் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். நமக்கு மட்டும் பேசாதீர்கள். பக்கத்துத் தெருத் தலித் மக்களின் சுடுகாட்டுப் பாதைக்காகவும் பேசுங்கள். கோடு விழும்போது அது நம் இருவர் நிலத்திலும்தான் விழுகிறது.

இன்றைக்கே பெயர் கொடுங்கள் சகோதரர்களே! அடுத்த அறிவிப்பு வரும் நாளில், அதைப் படிப்பதற்கு நம் மஹல்லாவில் ஓர் ஆள் இருக்க வேண்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.