திருப்பிப் போட்டுப் பார்த்தாச்சா?

தரவுத்தளப் பாதுகாப்பு பற்றிய இதுபோன்ற கருத்தரங்கில் தலைமை உரை என்றால் நிகழ்ச்சி நிரலில் உள்ள எல்லாத் தலைப்புகளையும் ஒருமுறை தொட்டுவிட்டு அமர்வது வழக்கம். இன்று அப்படிச் செய்யாமல் ஒரே ஒரு கேள்வியில் நிற்கப்போகிறேன். நம் அலுவலகங்களில் அன்றாடம் காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு: ‘பேக்கப் எடுத்தாச்சா?’ ‘எடுத்தாச்சு’ என்று பதில் வந்ததும் பேச்சு முடிந்துவிடும். ‘திருப்பிப் போட்டுப் பார்த்தாச்சா?’ என்று கேட்பவர் அரிது. எடுப்பதற்கு நேரம் குறித்திருக்கிறோம், ஆள் வைத்திருக்கிறோம், இடம் வாங்கியிருக்கிறோம். போட்டுப் பார்ப்பதற்கு இவற்றில் எதுவுமில்லை. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை, பேக்கப் என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி.

இதற்கு முதல் சாட்சி, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் இணையத் தளமான கிட்லேப். 2017 ஜனவரி 31 இரவு, அந்நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் பின்தங்கிப்போன துணைத் தரவுத்தளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். துணைச் சர்வரில் காலி செய்ய வேண்டிய கோப்புறையை, தவறுதலாக முதன்மைச் சர்வரில் அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் தவறு தெரிந்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. கை தவறுவது யாருக்கும் நேரும். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்குப் பாடம். தினமும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை டம்ப் (நகல் கோப்பு) எடுத்து அமேசானின் எஸ்3 சேமிப்பகத்தில் வைக்கும் ஏற்பாடு இருந்தது. திறந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, டம்ப் எடுக்கும் நிரல் 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் பிழை காட்டி நின்றிருக்கிறது. பிழையைத் தெரிவிக்கும் மின்னஞ்சல்களும் புறப்பட்டிருக்கின்றன. அனுப்புநரை உறுதிசெய்யும் டிமார்க் சோதனையில் தேறாததால் பெறும் சர்வர் அவற்றை ஏற்கவில்லை. மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகச் சேவை தரும் வட்டு நகல் வசதி தரவுத்தளச் சர்வர்களுக்கு இயக்கப்பட்டிருக்கவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனை வேலைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு நகல். அதையும் வேகம் குறைந்த வட்டிலிருந்து இழுக்க வேண்டியிருந்ததால் தளம் எழுந்து நிற்கச் சுமார் 18 மணி நேரமானது. பயனர்கள் உருவாக்கிய ஏறத்தாழ 5,000 திட்டங்களும் 5,000 கருத்துரைகளும் 700 புதிய கணக்குகளும் போயின. இத்தனையையும் மறைக்காமல் எழுதி வெளியிட்ட நேர்மையை இங்கே பாராட்ட வேண்டும். மீட்புச் சோதனை ஏன் நடக்கவில்லை என்பதற்கும் அவர்களே காரணம் சொன்னார்கள்: அந்த வேலை யார் பொறுப்பிலும் இல்லை.

பேக்கப் முடிந்ததும் திரையில் பச்சை நிறத்தில் ‘வெற்றி’ என்று வருகிறதே, அது எதைச் சொல்கிறது? எழுதும் நிரல் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வதைச் சொல்கிறது. விதைநெல்லைக் குதிரில் கொட்டி மூடியதோடு எந்த விவசாயியும் நிம்மதி அடைவதில்லை. விதைப்புக்கு முன் நூறு மணியை எண்ணி ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, எத்தனை முளைத்தது என்று பார்ப்பார். குறைந்தது எண்பது முளைத்தால்தான் அது சான்று பெறத்தக்க விதைநெல், இல்லையென்றால் சோற்றுக்கு. நாமோ குதிரின் உயரத்தை அளந்துவிட்டு விளைச்சலைக் கணக்குப் போடுகிறோம்.

‘எங்களிடம் மூன்று இடத்தில் பிரதி ஓடுகிறது, மீட்கும் தேவையே வராது’ என்று சிலர் சொல்வார்கள். பிரதி, வட்டு கெட்டால் காக்கும். தவறான கட்டளையைக் கொடுத்தால் அதையும் சிரத்தையாகப் பிரதி எடுக்கும். 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் சேமிப்பு மென்பொருள் ஒன்றில் நுழைந்த பிழை, சுமார் 0.02 விழுக்காடு பயனர்களின் அஞ்சல்களை, பல இடங்களில் இருந்த பிரதிகளோடு சேர்த்து மறையச் செய்தது. கூகுள் அவற்றை மீட்டது, இணைப்பில் இல்லாத காந்த நாடாவிலிருந்து. பழைய நாடாவை ஏளனம் செய்பவர்கள் இதை மறக்க வேண்டாம்.

அடுத்த மறுப்பு கொஞ்சம் வலுவானது: கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் கட்டளைகள் இருக்கின்றனவே, முழுதாக மீட்பது எதற்கு? இருக்கின்றன, தினமும் ஓட்டுங்கள். ஆனால் எஸ்கியூஎல் சர்வரின் ‘வெரிஃபை ஒன்லி’ கட்டளை, கோப்பு முழுமையாகவும் படிக்கத்தக்கதாகவும் இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, உள்ளே இருக்கும் தரவின் கட்டமைப்பைச் சோதிக்காது. போஸ்ட்கிரெஸ் 13-ஆம் பதிப்பில் வந்த சரிபார்ப்புக் கருவியின் கையேடே, மீட்டும் பார்த்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறது. ஏன் என்பதற்கு ஓர் எளிய காட்சி போதும். ஒரு தரவுத்தளத்தை மட்டும் டம்ப் எடுத்தால் பயனர் பாத்திரங்கள் அதில் வருவதில்லை. அவற்றைத் தனியே எடுக்க வேண்டும். கோப்பில் ஒரு பிட்டுகூடக் கெடவில்லை. புதிய சர்வரில் போட்டால் அட்டவணைகள் எல்லாம் வந்து உட்காரும். ஆனால் ‘இப்படி ஒரு பாத்திரமே இல்லை’ என்ற பிழை வரிசையாக ஓடும், செயலி உள்ளே நுழைய முடியாமல் வாசலில் நிற்கும். பேக்கப்பின் மறையாக்கத் திறவுகோலை அதே சர்வரில் வைத்திருந்தவர் கதை இதைவிடப் பரிதாபம்: சர்வரோடு திறவுகோலும் போய்விடும். இவற்றைக் காட்டிக்கொடுக்கும் கட்டளை எதுவும் கிடையாது; காலி சர்வர் ஒன்றில் மீட்டு, செயலியை இணைத்து, நேற்றைய கடைசிப் பதிவு இருக்கிறதா என்று வினவிப் பார்த்தால்தான் தெரியும்.

செலவாகும் என்பது உண்மை. இன்னொரு சர்வர் வேண்டும், சில மணி நேரம் வேண்டும். ஆனால் அந்த நேரத்தை அளப்பதே சோதனையின் பாதிப் பயன். நொடிக்கு 60 மெகாபிட் வேகத்தில் 300 ஜிபியை நகர்த்த 11 மணி நேரம் ஆகும். ‘இரண்டு மணி நேரத்தில் மீண்டுவிடுவோம்’ என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தவர் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார். வாடிக்கையாளர் விவரம் சோதனைச் சர்வரில் கசியுமே என்ற அச்சத்தை மதிக்கிறேன். வெளித்தொடர்பு அறுத்த சர்வரில் மீட்டு, சரிபார்த்த உடனே அழித்துவிட்டால் அந்த அச்சத்துக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது: 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கியின் தகவல் தொழில்நுட்ப நெறிமுறை, பேக்கப்பை அவ்வப்போது மீட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறது. வங்கிக்கு வேண்டியது மருத்துவமனைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் வேண்டாமா?

ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். மீட்டுப் பார்ப்பவர், பேக்கப்பை அமைத்தவராக இருக்கக் கூடாது. அமைத்தவருக்குக் கடவுச்சொல் மனப்பாடம், எந்தக் கோப்பு எங்கே என்பதும் மனப்பாடம். எழுதிவைத்த வழிமுறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புதிதாகச் சேர்ந்தவர் மீட்டுக் காட்டட்டும். அவர் தடுக்கி நிற்கும் இடமெல்லாம் வழிமுறையில் திருத்த வேண்டிய இடம்.

முதல் அமர்வுக்கு அவையை ஒப்படைக்கும் முன் ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவனத்தின் மாத அறிக்கையில் ‘பேக்கப் வெற்றி’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் போடுங்கள்: கடைசியாக மீட்டுப் பார்த்த தேதி, அதற்கு ஆன நேரம். எழுதத் தேதி இல்லையென்றால் கட்டத்தை வெறுமையாகவே விட்டு மேலிடத்துக்கு அனுப்புங்கள்.