கணையத்தில் உள்ள தீவுகள்



நம் உடம்பில் உள்ள சுரப்பிகள் இரண்டு வகை. பால்மரம் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜோகூரில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டங்களிலும் பெரியவர்கள் அந்த வேலையை மறந்திருக்க மாட்டார்கள். பட்டையில் கோடு இழுத்ததும் பால் கசிந்து, கோட்டு வழியே இறங்கி, மங்கில் விழும். உமிழ்நீர்ச் சுரப்பியும் வியர்வைச் சுரப்பியும் இப்படித்தான். சுரந்த நீர் ஒரு குழாய் வழியே ஓடி, சேரவேண்டிய இடத்தைச் சேர்கிறது. இன்னொரு வகைக்குக் கோடும் இல்லை, மங்கும் இல்லை. சுரப்பதை நேரே இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. நாளம் என்றால் குழாய். ஆகவே இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்கிறோம். அவை இரத்தத்தில் கலக்கும் பொருளுக்கு ஹார்மோன் என்று பெயர்.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி, கழுத்தின் முன்புறம் தைராய்டு, சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல் அட்ரினல் என்று இவை பல. தைராய்டு மட்டும் சற்றுச் சிக்கனக்காரச் சுரப்பி. நுண்ணிய உருண்டைப் பைகளில் சரக்கைச் சேமித்து வைத்துக்கொண்டு செலவழிக்கும். அதைப் பற்றி இன்று விரிக்கப் போவதில்லை. நம் வீடுகளில் அதிகம் பேசப்படும் சுரப்பி கணையம். இனிப்பு நீர் என்று நாம் சொல்லும் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு இந்த நோய். இந்தியர்களை மட்டும் தனியே பார்த்தால் 100-க்கு 31 பேர்!

கணையம் வயிற்றின் பின்னால் குறுக்கே கிடக்கிறது. அதன் பெரும்பகுதி உணவைச் செரிக்கும் நீரைச் சுரந்து, குழாய் வழியாகக் குடலுக்கு அனுப்புகிறது. அதாவது கோடும் மங்கும் உள்ள வகை. 1869-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர் முயலின் கணையத்தை நுண்ணோக்கியில் வைத்து ஆராய்ந்தார். இடையிடையே வேறு மாதிரியான உயிரணுக்கள் சிறு கூட்டங்களாக நிற்பதைக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே எழுதி வைத்தார். பின்னாளில் அவற்றுக்கு லாங்கர்ஹான்ஸ் தீவுகள் என்று பெயர் வந்தது.

நாங்கள் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது சாயமேற்றிய கணையத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறோம். சுற்றிலும் கருநீலமாக அடர்ந்த உயிரணுக்கள், நடுவே வெளிறிய வட்டங்கள். தீவு என்ற பெயர் எவ்வளவு பொருத்தம் என்று பார்த்தவர்களுக்கே தெரியும். மனிதக் கணையத்தில் இத்தகைய தீவுகள் சுமார் 10 லட்சம் உண்டு. ஆனாலும் எல்லாவற்றையும் சேர்த்தால் கணையத்தின் எடையில் 100-க்கு 2 பங்குகூட வராது. ஒவ்வொரு தீவுக்குள்ளும் மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றின் சுவர் சல்லடைபோல் துளையுள்ளது. உயிரணு சுரந்த மறுகணமே ஹார்மோன் இரத்தத்தில் இறங்கிவிடுகிறது.

இந்தத் தீவுகளில் முக்கியமாக இரண்டு வகைக் குடிகள். பீட்டா உயிரணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. சாப்பிட்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் ஈரலுக்குள்ளும் சேர்ப்பது இன்சுலின். ஆல்பா உயிரணுக்கள் குளூக்ககானைச் சுரக்கின்றன. பட்டினி நேரத்தில் ஈரலின் சேமிப்பை அவிழ்த்து இரத்தத்தில் விடச் சொல்வது அது. ஒன்று இறக்கும், ஒன்று ஏற்றும்.

பெரியவர்களுக்கு வரும் இனிப்பு நீரில், உடம்பு இன்சுலினின் பேச்சை முன்போல் கேட்பதில்லை. பீட்டா உயிரணுக்கள் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கின்றன. பல ஆண்டுகள் இப்படி உழைத்துக் களைத்துப் போகின்றன, சில அழிகின்றன. அத்தகைய நோயாளிகளின் தீவுகளில் மெழுகுபோன்ற ஒரு படிவு இருப்பதை யூஜீன் ஓபி என்பவர் 1901-லேயே நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். இவ்வளவும் நடக்கும்போது வலி இல்லை, காய்ச்சல் இல்லை. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே பீட்டா உயிரணுக்களின் ஆற்றலில் பாதி போயிருப்பதும் உண்டு.

நம் மக்களிடையே ஒரு பேச்சு இருக்கிறது. "மாத்திரையோடு இருந்தால் பரவாயில்லை. ஊசிக்குப் போய்விட்டால் கடைசிக் கட்டம்" என்பார்கள். மருத்துவர் ஊசி எழுதிக் கொடுத்தும், போட்டுக்கொள்ளாமல் அலமாரியில் வைத்திருப்பவர்கள் உண்டு. தீவுகளின் கதை தெரிந்தால் இந்தப் பயம் குறையும். தீவுகளில் குறைந்துபோன சரக்கைத்தான் ஊசி வெளியிலிருந்து கொடுக்கிறது. 1922-ஆம் ஆண்டு ஜனவரியில், கனடாவின் டொரான்டோ நகரில், லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்பட்டது. அதற்குமுன் அவனைப்போன்ற பிள்ளைகள் மெலிந்து மெலிந்து இறந்துபோவார்கள். அவனோ அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தான். உயிர் கொடுக்க வந்த மருந்தைக் கடைசிக் கட்டம் என்பது எப்படிப் பொருந்தும்?

"மாத்திரையாகவே கொடுத்தால் என்ன?" என்று பிள்ளைகள் வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் இறைச்சியும் முட்டையும் செரிப்பதைப் போல அதுவும் செரித்துப் போகும். ஆகையால்தான் தோலுக்கடியில் போடுகிறோம்.

விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொண்டு, பசியாறாமல் காட்டில் இறங்கினால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். அப்போது அட்ரினல் சுரப்பி அட்ரினலினை அவிழ்த்துவிடுகிறது. கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு எல்லாம் அது அடிக்கும் எச்சரிக்கை மணி. பேச்சுக் குழறவும் செய்யும். குடித்திருக்கிறார் என்று பிறர் நினைத்துவிடுவார்கள். நினைவு இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தெளிந்தபின் சோறோ ரொட்டியோ சாப்பிடட்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இப்படி நடந்ததையும் வேலைக்குப் புறப்படும் நேரத்தையும் சொல்லுங்கள். மருந்தின் அளவையும் வேளையையும் அதற்கேற்ப மாற்றித் தருவார்கள்.