தெளிவு வேறு, சுத்தம் வேறு

(ஆடிப்பெருக்குக்கு அடுத்த ஞாயிறு மாலை நம் சங்கக் கூடத்தில் நடந்த பேச்சின் எழுத்து வடிவம். பேசியவர் பி பிளாக்கில் வசிக்கும், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்.)

செயலாளர் என்னைப் பேசச் சொன்னபோது, "சார், தலைப்பு என்ன போடட்டும்?" என்று கேட்டார். "வைன் ஏன் தெளியவில்லை" என்றேன். இரண்டு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, "ஸ்ரீரங்கத்துல, அதுவும் ஆடி மாசத்துல, வேண்டாமே சார்" என்றார். அதனால்தான் நோட்டீஸில் "வீட்டில் கலங்கல் நீக்குதல்" என்று வந்தது. ஆனாலும் வைனில்தான் தொடங்கப் போகிறேன்.

எங்கள் எதிர்வீட்டு டீச்சரை எல்லோருக்கும் தெரியும். பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். கிறிஸ்துமஸ் என்றால் அவர்கள் வீட்டில் கேக், கல்கல், திராட்சை வைன். அம்மாவிடம் கற்ற பக்குவம். இங்கே வந்த பிறகு அவர் அதைச் செய்வதில்லை. நமக்குத் தருவது இஞ்சி வைன் மட்டும். இஞ்சி, சர்க்கரைப் பாகு, எலுமிச்சை. நொதிக்க விடாதது, போதை இல்லாதது.

காரணம் சட்டம். 1937-ல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது மதுவிலக்குச் சட்டம் வந்தது. அந்த அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில்தான் முதலில் அமலானது. டாஸ்மாக் கடை தெருவுக்குத் தெரு இருந்தாலும் அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். "வீட்டுக்குத்தானே, ரெண்டு பாட்டில்தானே" என்பதெல்லாம் அங்கே எடுபடாது. கேரளத்திலும் 2019 கிறிஸ்துமஸ் சமயத்தில் கலால் துறை இதையே சொல்லி எச்சரித்தது.

டீச்சரின் மகள் இருப்பது இங்கிலாந்தில். அங்கே சொந்த உபயோகத்துக்கு வைன் போட உரிமம் தேவையில்லை. போன வருடம் அங்கே போயிருந்தபோது, மகள் வீட்டுத் தோட்டத்து ஆப்பிளையும் பச்சைத் திராட்சையையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். டிசம்பர் தொடக்கத்தில் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாட்டிலில் வடிகஞ்சி மாதிரி ஒன்று. "சார், ரெண்டு மாசமாச்சு. தெளியவே மாட்டேங்குது. கொஞ்சம் படிகாரம் போடலாமா?"

நான் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "டீச்சர், மூடியை இறுக்கி வச்சிருக்கீங்களா?" ஆமாம் என்றார். "மெதுவாகத் திறங்க, முகத்தைத் தள்ளி வச்சுக்கங்க" என்றேன். திறந்ததும் சோடா மாதிரி சீறியிருக்கிறது.

கலங்கலுக்கு முதல் காரணம் இதுதான்: வேலை இன்னும் முடியவில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. குமிழி மேலே போய்க்கொண்டிருக்கும்வரை ஈஸ்டும் கசடும் அதோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், அடியில் படியாது. அந்த நிலையில் மூடியை இறுக்கினால் வாயு போக வழியில்லை, கண்ணாடி வெடிக்கும். குமிழி நின்றதாகக் கண்ணுக்குத் தெரிவது போதாது. பால்காரர் லாக்டோமீட்டர் விடுகிற மாதிரி ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்க்க வேண்டும். சில நாள் இடைவெளியில் எடுத்த அளவு மாறாமல் இருந்தால்தான் முடிந்ததாக அர்த்தம். டீச்சர் எல்லாவற்றையும் மறுபடி ஜாடியில் ஊற்றி, வாயு வெளியே போகவும் காற்று உள்ளே வராமலும் இருக்கும் நீர்ப்பூட்டு மாட்டினார். அளவு நிலைத்ததும் குளிர்ந்த இடத்தில் வைத்து, அடிக்கசடைக் கலக்காமல் குழாய் போட்டு மேலாக வேறு ஜாடிக்கு இறக்கினார். பாதிக் கலங்கல் போயிற்று. மீதி அப்படியே நின்றது.

இப்போது இரண்டாவது கேள்வி. எது மிதக்கிறது? அது தெரியாமல் எதையும் போடக்கூடாது. அடுக்களையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் வைன் எடுத்து இரண்டு சொட்டு டிங்சர் அயோடின் விட்டால், நீலமாக மாறினால் மாவுச்சத்து. இன்னொரு டம்ளரில் ஒரு பங்கு வைனுக்கு மூன்று, நான்கு பங்கு ஸ்பிரிட் விட்டால், சற்று நேரத்தில் நூல் நூலாகவோ ஜெல்லி மாதிரியோ திரண்டால் பெக்டின். பெக்டின் என்றால் பழத்தில் இருக்கும் பசைச்சத்து. கொய்யா ஜெல்லி உறைவது அதனால்தான். சோதித்த டம்ளரில் இருப்பதைக் கீழே கொட்டிவிட வேண்டும். அதைக் குடிக்கவும் கூடாது, திரும்ப ஜாடியில் ஊற்றவும் கூடாது.

டீச்சருக்கு இரண்டுமே வந்தது. என்ன செய்தீர்கள் என்று ஆதியிலிருந்து கேட்டேன். ஊர் மாறியிருக்கிறதே, கிருமி எதற்கு என்று பழத்தை நன்றாக வேகவைத்திருக்கிறார். அம்மா வழக்கப்படி ஒரு கைப்பிடி கோதுமையையும் அதோடு சேர்த்தே வேகவைத்திருக்கிறார். அம்மா கோதுமையைப் பச்சையாகத்தான் போடுவாராம்.

இது ஏன் பிரச்சினை என்பது இங்கே இருக்கிற மாமிகளுக்கு நன்றாகத் தெரியும். தீபாவளி லேகியத்துக்கு இஞ்சிச் சாறு எடுத்தால் உடனே அடுப்பில் ஏற்றுவீர்களா? தெளிய வைத்து, அடியில் படிந்த வெள்ளையை விட்டுவிட்டு மேலாக வடிப்பீர்கள். அந்த வெள்ளையில் பெரும்பகுதி இஞ்சியின் மாவுச்சத்துதான். பச்சை மாவு கனமாக அடியில் உட்காரும். அதையே கொதிக்கவிட்டால் கூழாகி நீரோடு கலந்துவிடும். பிறகு எவ்வளவு நாள் வைத்தாலும் படியாது. கோதுமைக்கு நடந்தது அதுதான். ஆப்பிளுக்கும் அதே கதை: வேகவைத்ததும் பெக்டின் மொத்தமும் சாற்றில் இறங்கிவிட்டது.

இதற்குப் படிகாரம் மருந்தல்ல. பெக்டினை வெட்ட பெக்டினேஸ், மாவை வெட்ட அமிலேஸ் என்று நொதிகள் இருக்கின்றன. நம் எச்சிலில் இருப்பதும் ஒருவகை அமிலேஸ்தான். நொதிக்க வைக்கும் முன்பே போட்டிருந்தால் சீக்கிரம் வேலை செய்திருக்கும். ஆல்கஹால் வந்த பிறகு மெதுவாகத்தான் செய்யும். டீச்சர் இரண்டையும் வாங்கிப் போட்டுக் காத்திருந்தார். கிறிஸ்துமசுக்குத் தவறி, ஈஸ்டருக்குத் தெளிந்தது. "அம்மா இருந்திருந்தா பச்சையாப் போடுடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பாங்க சார்" என்று டீச்சர் சொன்னார்.

சில வைன்களில் பழத்தின் புரதம் மிதக்கும். அதற்கு வைன்காரர்கள் பெண்டோனைட் என்ற களிமண்ணைப் போடுகிறார்கள். களிமண் துகளில் எதிர்மின்னூட்டம், வைனில் இருக்கும் புரதத்தில் நேர்மின்னூட்டம். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கனமாகி அடியில் உட்காரும்.

இப்போது அம்மா மண்டபம் படித்துறைக்கு வாருங்கள். ஆடியில் புதுத் தண்ணீர் சிவந்து வருவது களிமண்ணால்தான். மேட்டூரில் 1934-ல் அணை வந்த பிறகு வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அதற்கு முன்பு இன்னும் கலங்கலாக வந்திருக்கும். அந்தத் துகள்கள் எல்லாவற்றிலும் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. படிகாரத்தின் அலுமினியம் நேர்மின்னூட்டம் கொண்டது. அது துகள்களைச் சேர்த்துக் கட்டி இறக்கிவிடுகிறது. முருங்கை விதையின் புரதமும் அப்படியே. வைனுக்குக் களிமண் மருந்து. காவிரிக்குக் களிமண்தான் வியாதி.

நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். எட்டி மரத்தின் இனத்தைச் சேர்ந்ததுதான் தேற்றா மரம், ஆனால் எட்டியின் நஞ்சான ஸ்டிரிக்னின் இதில் இல்லை. கலங்கிய நீர் இந்த விதையால் தெளிவதைக் கலித்தொகையே உவமையாகச் சொல்கிறது. இரண்டாயிரம் வருடத்துப் பழக்கம் என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் பாட்டி அத்தோடு நிறுத்தவில்லை. தெளிந்ததை வடிகட்டி, காய்ச்சி, பிறகுதான் கைக்குழந்தைக்குக் கொடுத்தார்.

நான் அதை மறந்த கதையைச் சொல்லத்தான் இன்று இந்த மேடைக்கு வந்தேன். போன வருடம் இதே ஆடியில் நம் குழாயில் டீ நிறத்தில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். மறுநாள் காலை சம்ப் பளிச்சென்று தெளிந்திருந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டீர்கள். முந்தின இரவு படிகாரக் கட்டியைக் கயிற்றில் கட்டி சம்பில் இறக்கிக் கலக்கியது நான்தான். யாரையும் கேட்கவில்லை. அளக்கவும் இல்லை. அடியில் படிந்த சேற்றை அகற்றவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் இரண்டு வீட்டில் குழந்தைகளுக்கு வாந்தி பேதி. அந்தத் தண்ணீரால்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் ஒரு வீட்டில் அந்தப் பெண் என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தெளிவாத்தானே இருந்துச்சு அங்கிள், அதனாலதான் காய்ச்சலை."

நாற்பது வருடம் வகுப்பில் பாடம் நடத்தியவன் நான். படிகாரம் மண்ணை இறக்கும், கிருமியைக் கொல்லாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன். காலரா கிருமி கண்ணாடி போன்ற தண்ணீரிலும் இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மெத்தனாலும் பார்க்கத் தண்ணீர் மாதிரித் தெளிவானதுதான். டீச்சரின் கலங்கல் வைன் அழகாக இல்லை. ஆபத்து அதன் கலங்கலில் இல்லை, இறுக்கிய மூடியில் இருந்தது. என் தெளிந்த சம்பு அழகாக இருந்தது. ஆபத்து அதன் தெளிவில்தான் இருந்தது, ஏனென்றால் அதைப் பார்த்து எல்லோரும் நம்பிவிட்டீர்கள்.

அதனால் என் வேண்டுகோள் மூன்று. சம்பில் யாரும், நான் உட்பட, தனியாக எதையும் போடக்கூடாது. கலங்கல் வந்தால் உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள். படிந்த சேற்றை அகற்றிக் கழுவிய பிறகே குளோரின். கலங்கலோடு குளோரின் போட்டால் அது முழுதாக வேலை செய்யாது. இரண்டாவது, குழாய் முனையில் குளோரின் மிச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைப் பார்க்கும் சிறு சோதனைப் பெட்டியைச் சங்கம் வாங்கட்டும். வாரம் ஒருமுறை பார்த்து நோட்டீஸ் போர்டில் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது, ஆடி, ஐப்பசி மாதங்களில் குடிக்கிற தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆற்றிக் குடியுங்கள், எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறார். வெளியே மேஜையில் அவர் செய்த இஞ்சி வைன் இருக்கிறது. செயலாளர் பயப்பட வேண்டாம், அதில் போதை இல்லை. அடியில் லேசாக வெள்ளையாக இருக்கும், இஞ்சி மாவுதான். குலுக்காமல் ஊற்றிக் குடியுங்கள். தண்ணீரைக் காய்ச்சித்தான் செய்திருக்கிறார், நான் கேட்டுவிட்டேன்.